டிரெய்லரில் ஊருக்குப் போன சைக்கிள்கள்

இங்கே இரும்பு வியர்க்கும். ஊரில் இருக்கிறவர்களிடம் சொன்னால் நம்புவதில்லை. சாயங்காலம் துடைத்து வைத்த அரிவாள்மனையில் விடியும்போது ஈரம் பூத்து நிற்கும். இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் செம்மண் அப்பியதுபோல் துரு பிடித்துவிடும். கதவுத் தாழ்ப்பாள், சேலையில் குத்துகிற ஊக்கு, டிரங்குப் பெட்டியின் பூட்டு, எதுவும் தப்பாது. ஒரு பக்கம் காயல், மறுபக்கம் கடல், நடுவில் கொச்சி மட்டாஞ்சேரி. காற்றில் உப்பில்லாத நாள் கிடையாது. எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் காய்ந்த காற்று. அங்கே மண்வெட்டியை வெட்டவெளியில் போட்டுவிட்டு ஒரு மாசம் கழித்து எடுத்தாலும் போட்டபடி கிடக்கும். கல்யாணமாகி இங்கே வந்த மறுநாள் காலையில், என் வீட்டுக்காரர் கிழிந்த வேட்டித் துண்டு ஒன்றை எண்ணெயில் நனைத்து ஒவ்வொரு சைக்கிளாகத் துடைப்பதைப் பார்த்து, இந்த மனிதருக்கு ஏதோ நேர்த்திக்கடன் போலிருக்கிறது என்று நினைத்தேன். கேட்கக் கூச்சம். பல நாள் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. அப்புறம் நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டேன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் எங்கள் இரண்டு பேருக்கும் பொழுது விடிந்தது அப்படித்தான்.

வாடகைச் சைக்கிள் கடை எங்களுடையது. கொச்சங்காடிக்குத் திரும்புகிற முக்கில், ஒரு சுக்கு மண்டியின் முன்பக்க அறை. மண்டிகளில் கணக்கு எழுதுகிறவர்கள், மிளகுக்கு விலை பேசுகிற தரகர்கள், படகு ஏற போட்டு ஜெட்டிக்கு அவசரமாகப் போகிறவர்கள் எல்லாரும் மணிக்கணக்கில் சைக்கிள் எடுத்துப் போவார்கள். பேர் கேட்டு எழுதிக்கொள்கிற பழக்கம் அவருக்கில்லை. ஆளை ஏற இறங்கப் பார்ப்பார், உயரத்துக்குத் தகுந்த வண்டியைக் கை காட்டுவார், அவ்வளவுதான். சைக்கிள் திரும்பி வராமல் போனதும் கிடையாது. எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். சண்டை என்று வந்தால் மட்டும், தமிழர்களை இளக்காரமாகச் சொல்கிறமாதிரி, பாண்டி என்பார்கள். சில பேர் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அவரும் திரும்பிச் சிரிப்பார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். நான் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டால் அவர் சொல்லவேண்டி வருமே என்று கேட்காமல் இருந்தேன்.

எழுபதுகள் முடிகிற சமயம் அந்தக் கடை படுத்துவிட்டது. பஸ் அதிகமானது. தரகர்கள் ஸ்கூட்டர் வாங்கினார்கள். சைக்கிள்கள் பகலெல்லாம் வரிசை கலையாமல் நின்றன. மண்டிக்காரர் கட்டடத்தை விற்கப்போவதாகச் சொல்லிவிட்டார். அந்த ஆனி மாசம் என் வீட்டுக்காரருடைய தம்பி ஊரிலிருந்து எங்களைப் பார்க்க வந்தார். சாப்பிட்டுக் கை கழுவும்போதே பேச்சை ஆரம்பித்தார்.

"அண்ணே, நம்மூர்ல புது பஸ் ஸ்டாண்டு கட்டிட்டாய்ங்க. வாசல்ல வரிசையா ரூம்பு. மூலை ரூம்ப நமக்குன்னு சொல்லி வச்சிட்டேன்."

"வாடகைச் சைக்கிளுக்கு ஆள் வருமாடா?"

"என்னண்ணே இப்படிக் கேக்குற. பஸ்ஸ விட்டு எறங்கி மூணு மைல், நாலு மைல் நடந்து போறாய்ங்க சனம். சைக்கிளக் கண்டா விடுவாய்ங்களா? ஆனா ஒண்ணு. ஆடியில எவனும் கடை தொறக்க மாட்டான். ஆவணி ஒண்ணாந்தேதி எல்லாரும் பால் காய்ச்சுறாய்ங்க. அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள நாமளும் சாமானோட வந்து பால் காய்ச்சிரணும். வரலைன்னா ரூம்பு அடுத்த ஆளுக்கு. ஓனரு கண்டிசனாச் சொல்லிட்டாரு."

"வந்துருவேன்டா" என்றார் அவர். எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய காலண்டரில் ஆகஸ்ட் தாளைப் புரட்டி, ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினார். மிளகு வியாபாரி ஒருவர் வருஷா வருஷம் கொடுக்கிற மலையாளக் காலண்டர் அது. தம்பிக்கு அந்த எழுத்து தெரியாது. அண்ணன் காட்டினால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையை ஆட்டினார்.

அன்றிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. போர்டு எழுத என்ன கலர், பெஞ்சை எந்தப் பக்கம் போடுவது, காற்றடிக்கிற பம்பை எங்கே மாட்டுவது என்று என்னிடம் கேட்பார். அவர் என்னிடம் யோசனை கேட்டது அந்த இரண்டு மாசம்தான். எனக்குப் பெரிதாக எந்த ஆசையும் இல்லை. அவரை யாரும் பாண்டி என்று சொல்லமுடியாத ஓர் இடத்தில் அவர் கடை திறந்து உட்காரவேண்டும். அது ஒன்றுதான். எங்களுக்கு ஒரே மகள். கொச்சங்காடியிலேயே கட்டிக்கொடுத்திருந்தோம். முழுகாமல் இருந்தாள். பேறுகாலத்துக்கு வந்துவிடுகிறேன் என்று அவளிடம் சொல்லிவைத்தேன். கடைக்குள் இருந்த மற்றச் சாமான்களை எல்லாம் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். திரும்பி வருகிறவர்கள் செய்கிற காரியமா அது.

சைக்கிள்களை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் பெரிய யோசனையாக இருந்தது. லாரியில் போட்டால் மற்றவர்கள் சரக்கோடு உரசி பெயிண்டு போய்விடும் என்றார். கடைசியில் தோப்பும்படியில் ஒருவரிடம் டிரெய்லர் வாடகைக்கு எடுத்தார். இழுப்பதற்கு பைலிச் சேட்டனின் ஜீப்பு. பைலிச் சேட்டன் என்னைவிட மூத்தவர், என் வீட்டுக்காரர் வயசு, அடுத்த சந்தில் வீடு. மண்டிகளுக்கு மூட்டை அடித்துப் பிழைக்கிறவர். சக்கரங்களைக் கழற்றித் தனியாகக் கயிற்றில் கோத்து ஜீப்பின் மேலே கட்டினார்கள். உடம்புகளை மட்டும் டிரெய்லரில் ஒன்றின்மேல் ஒன்று படுக்கவைத்து, உரசாமல் இருக்க இடையிடையே சாக்கு வைத்தார்கள். மட்டாஞ்சேரியில் எதைக் கட்டினாலும் மண்டிச் சாக்கில்தான் கட்டுவோம். வாசலில் கால் துடைப்பது அது, மழைக்குத் தலையில் போட்டுக்கொள்வது அது, குழந்தை விழுந்துவிடாமல் கட்டிலைச் சுற்றி வைப்பதும் அதுதான். மிளகுச் சாக்கா, சுக்குச் சாக்கா என்று யாரும் பார்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேல் தார்ப்பாய் போட்டு, அதன் மேலே கதம்பம் ஒரு முழம் நான் கட்டினேன்.

"சேச்சி, கல்யாணப் பெண்ணினெப் போலெயுண்டல்லோ டிரெய்லர்" என்று பைலிச் சேட்டன் சிரித்தார். அவர் இப்படிச் சிரிக்கவைத்துத்தான் எங்களை அந்தத் தெருவிலிருந்து கிளப்பினார். நல்ல கர்க்கடக மழை, நம் ஆடி மாசம். தெருவில் ஒருவர் இருவர் கதவைத் திறந்து கை காட்டினார்கள்.

கொஞ்சம் இன்றைய கதைக்கு வருகிறேன். இப்போது நான் மகள் வீட்டில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி, நல்லவள், தினமும் வேலி அருகே நின்று பேசுவாள். அன்றொரு நாள் "அம்மையுடெ ஆள் எவிடெயாணு?" என்று என் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டாள். ஊரில் கடை வைத்திருக்கிறார் என்றேன். வாய் தவறித்தான் அப்படி வந்தது. "அப்போ பின்னெ கோளாணல்லோ, நாட்டில் ஸ்வந்தம் கட" என்றாள். சொந்தக் கடை இருந்தால் அதிர்ஷ்டம்தானே என்கிறாள். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அவளிடம் மறுத்துச் சொல்ல ஆரம்பித்தால் அந்தப் பயணம் முழுவதையும் சொல்லவேண்டும். அவ்வளவு பேச்சு எனக்கு வராது. எழுதினால்தான் உண்டு.

முதல் நாள் முண்டக்கயத்தில் தங்கினோம். மறுநாள் மலை. ஜீப்பு முக்கி முனகிக்கொண்டு ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் டிரெய்லர் பின்னால் இழுத்தது. அவர் கையில் ஒரு கருங்கல்லை வைத்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார். ஜீப்பு திணறி நின்றால் டிரெய்லர்ச் சக்கரத்துக்குப் பின்னால் கல்லை வைப்பார். கிளம்பினால் எடுத்துக்கொண்டு ஓடுவார். மேகம் ரோட்டின் குறுக்கே படுத்துக் கிடந்தது. அவருடைய வெள்ளைத் துண்டு மட்டும்தான் பல இடத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. இந்த வயசில் இவ்வளவு ஓடுகிறாரே என்று எனக்குப் பயம். அவர் முகத்தில் ஒரு களைப்பும் இல்லை. குமுளிக்கு வந்து சேர்ந்தபோது நடுப்பகல். நாங்கள் போட்ட கணக்குப்படி ஒரு நாள் மிச்சம் இருந்தது.

செக்போஸ்டில் ஒரு ஆபீசர் டிரெய்லரைச் சுற்றி வந்தார். தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினார். மூக்கைச் சுளித்தார்.

"எந்தாணு இதினகத்து?"

"சைக்கிளாணு சாரே."

"சைக்கிளினு குருமுளகின்றெ மணமோ?"

என் வீட்டுக்காரருக்கு நிஜமாகவே புரியவில்லை. குனிந்து மோந்து பார்த்தார். என்னையும் பைலிச் சேட்டனையும் பார்த்தார். நாங்களும் மோந்து பார்த்தோம். சத்தியமாக எங்கள் மூன்று பேருக்கும் ஒரு வாசனையும் தெரியவில்லை. அத்தனை வருஷம் மிளகுக்குள்ளேயே படுத்து எழுந்தவர்களுக்கு மிளகு எப்படி மணக்கும். "மணமோ, எந்து மணம் சாரே?" என்று அவர் கேட்டதைப் பார்த்து அந்த ஆபீசர் நடிக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டார். அந்த வழியாக மிளகும் ஏலமும் வரி கட்டாமல் கடத்திக்கொண்டு போகிறவர்கள் உண்டாம். சாக்குகளை ஒவ்வொன்றாக உருவி உதறினார்கள். தையலுக்குள் மாட்டிக் கிடந்த மிளகு அங்கே நாலு இங்கே நாலு என்று உதிர்ந்தது. எல்லாம் சேர்ந்து ஒரு கைப்பிடி இருக்கும். அதைக் காகிதத்தில் அள்ளி எங்கள் முன்னால் நீட்டினார்கள். "பின்னெ இது எந்தா?"

அதோடு நிற்கவில்லை. குழாய்க்குள் ஏலக்காய் இருக்கலாம் என்று ஒருவர் சந்தேகம் கிளப்பினார். சீட்டுகளை எல்லாம் கழற்றி, கம்பி விட்டுக் குத்திப் பார்த்தார்கள். துரு கலந்த தண்ணீர்தான் ஒழுகியது. ஒன்றிலிருந்து கரப்பான்பூச்சி ஓடியது. "அதும் கள்ளக்கடத்தாணோ சாரே" என்று பைலிச் சேட்டன் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். பெரிய ஆபீசர் வந்து பார்க்காமல் விடமுடியாது, அவர் நாளைக்குத்தான் வருவார் என்றார்கள். சைக்கிள்கள் உடம்பு தனியாகச் சீட்டு தனியாக ரோட்டோரத்தில் மழையில் கிடந்தன. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். போகிற வருகிறவர்கள் "பாண்டிகளுடெ ஓரோ பணி" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். இவங்க செய்யுற வேலையைப் பாரு என்கிறமாதிரி. அவர் என்னிடம், "விடு. இன்னும் ஒரே மலைதான்" என்றார்.

மறுநாள் காலையிலேயே பெரிய ஆபீசர் வந்துவிட்டார். பார்த்ததும் சிரித்துவிட்டார். அந்த ஒரு கைப்பிடி மிளகைப் பொட்டலமாகச் சுற்றி என் கையில் கொடுத்து, "சேச்சி ரசம் வெச்சோ" என்று அனுப்பிவைத்தார். மலை இறங்கினால் தமிழ்நாட்டுச் செக்போஸ்ட். எனக்கு வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. போர்டுகளில் எல்லாம் தமிழ். தடியை ஊன்றிக்கொண்டு ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"எங்கேர்ந்து வர்றீங்க சேட்டா?"

"சேட்டன் இல்லப்பா, நான் உசிலம்பட்டிக்காரன்."

"பேச்சைக் கேட்டா அப்பிடித் தெரியலையே" என்று சிரித்தார் அவர். என் பக்கம் திரும்பி, "பெரியம்மாவும் மலையாளமா?" என்றார்.

"நாங்க தமிழ் ஆளுகதான்" என்றேன்.

"நல்லாத் தமிழ் பேசுறியேம்மா. எங்க கத்துக்கிட்ட?"

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அதில் ஒரு விஷமமும் இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் வீட்டுக்காரர் ஜீப்புக்குள் ஏறி உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பம் தாண்டினோம்.

உத்தமபாளையத்தில் ஆற்றைக் கண்டதும் அவர் நிறுத்தச் சொன்னார். அப்போது வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. பைலிச் சேட்டன், "அண்ணாச்சி, நேரே போயாலோ? உச்ச கழியும்போ அங்ஙெத்தாம்" என்றார். மத்தியானம் கழிந்ததும் போய்ச் சேர்ந்துவிடலாம் என்கிறார்.

"இந்தக் கோலத்துல கொண்டுபோய் எறக்கவா பைலி. சேறும் சகதியுமா. நாளைக்கல்லே சிங்ஙம் ஒண்ணு. ஆடி மாசத்துக் கடைசி நாள்ல சாமானை எறக்கினா வெளங்குமா."

பைலிச் சேட்டனுக்கும் அது சரியென்று பட்டது. நாளைக்குத்தான் சிங்ஙம், எங்கள் பேச்சில் ஆவணி, பிறக்கிறது என்று அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வீட்டைவிட்டுக் கிளம்புகிற வரை பார்த்துக்கொண்டே இருந்த காலண்டர்தானே. மூன்று பேரும் சைக்கிள்களை இறக்கினோம். ஆற்றுத் தண்ணீரில் கழுவினோம். அவர் சீட்டுகளை மாட்டினார். நான் எண்ணெய்த் துணியால் துடைத்தேன். காய்ந்த வெயிலில் துடைத்த இடம் துடைத்தபடி பளபளவென்று நின்றது. அங்கே கழுவிய சைக்கிள் மாதிரி மட்டாஞ்சேரியில் ஒருநாளும் இருந்ததில்லை. அவர் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அப்போது மேளம் அடித்துக்கொண்டு ஒரு பெண் அழைப்பு அந்த வழியாகப் போனது. சீர்த்தட்டுகள், புதுச்சேலைகள், ஒரே கூட்டம்.

"ஆடியில கல்யாணம் பண்றாங்க பாரு" என்று அவர் என்னிடம் சொன்னார். "நாம இல்லாத நேரத்துல நாடு நல்லாத்தான் கெட்டுப்போயிருக்கு."

நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் வரை நாங்கள் அங்கேதான் இருந்தோம். இருட்டுவதற்குள் தேனிக்குப் போய் லாரிகள் நிற்கிற கொட்டகையில் படுத்துக்கொண்டோம்.

வெள்ளென எழுந்து குளித்து, அவர் புதுவேட்டி கட்டிக்கொண்டார். எங்கள் ஊர் எல்லைக்கு வந்தபோது வெயில் இதமாக இருந்தது. புது பஸ் ஸ்டாண்டு வெள்ளையடித்துப் பளிச்சென்று தெரிந்தது. மூலை அறை வாசலில் இரண்டு வாழை மரம் கட்டியிருந்தது. மாவிலைத் தோரணம். அவர் என் தோளைத் தட்டி, "தம்பி வாழை கட்டி வச்சிருக்கான் பாரு. நான் சொல்லவேயில்ல, அவனே கட்டியிருக்கான்" என்றார். கிட்டப் போகப் போக வாழை இலைகள் துவண்டு கிழிந்திருப்பது தெரிந்தது. மாவிலை சுருண்டிருந்தது. உள்ளே சுவரோடு உர மூட்டைகள் அடுக்கியிருந்தன. நெற்றியில் சந்தனத்தோடு ஒருவர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஜீப்பு நின்ற இடத்துக்குத் தம்பி ஓடி வந்தார். கண் சிவந்திருந்தது.

"எங்கண்ணே போன?"

"எங்க போனேனா. சொன்ன நாளுக்கு வந்துட்டேன்லடா. யாருடா இது, உள்ள?"

"நேத்துல்லண்ணே ஆவணி ஒண்ணு."

"என்னடா ஒளறுற. இன்னைக்குத்தான் ஒண்ணு."

"ரெண்டுண்ணே. இன்னைக்கு ரெண்டு. பொழுது சாயற வரைக்கும் பால் சட்டியக் கையில வச்சிக்கிட்டு ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னேன். மதினியும் நீயும் இந்தா வந்துருவீங்க, இந்தா வந்துருவீங்கன்னு ஓனருகிட்டச் சொல்லிச் சொல்லி எனக்கே வெக்கமாப் போச்சு."

அவர் யாரையும் பார்க்காமல் உரக்கடைக்காரரிடம் போனார். "இன்னைக்கு என்ன தேதி?" என்று கேட்டார். அந்த மனிதர் எழுந்து நின்று மரியாதையாகத்தான் பேசினார். "எங்களுக்கு நேத்து ஆவணி பொறந்துருச்சு பெரியவரே. உங்க மலையாளத்துல எப்பிடியோ." சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினார். என் வீட்டுக்காரர் அதன் அருகே போய் நின்று வாசித்தார். வெகுநேரம் வாசித்தார். ஒரு தாளில் அவ்வளவு நேரம் வாசிக்க என்ன இருக்கிறது.

பஞ்சாங்கம் தெரிந்த ஒருவர் பிறகு எனக்கு விளக்கினார். சூரியன் ராசி மாறுவது மத்தியானத்துக்கு மேலே, பொழுது சாய்வதற்கு முன்னால் என்றால் தமிழ்க் கணக்கில் அன்றைக்கே மாசம் பிறந்துவிடும். மலையாளக் கணக்கில் மறுநாள்தான் பிறக்கும். எல்லா வருஷமும் அப்படி ஆவதில்லை. பல வருஷம் இரண்டும் ஒரே நாளில் வரும். அதனால்தான் இத்தனை காலம் நாங்கள் கர்க்கடகம் என்றால் ஆடி, சிங்ஙம் என்றால் ஆவணி என்று நம்பி, அந்த ஒரு காலண்டரிலேயே பொங்கலும் கார்த்திகையும் கொண்டாடிவிட்டோம். எங்களைத் தவிர இந்தத் தவறு யாருக்கு வரும். மலையாளிக்கு அங்கே கடை எதற்கு. ஊர்க்காரனுக்கு மலையாளக் காலண்டர் எதற்கு.

சைக்கிள்களைத் தம்பியின் மாட்டுக்கொட்டகையில் இறக்கினோம். அங்கே ஒரு பசுவும் கன்றும் கட்டியிருந்தன. அதுகளை வெளியே கட்டிவிட்டு இடம் பண்ணினார்கள். தம்பி பெண்டாட்டி நல்லவள்தான். "ஒரு நா முன்னப்பின்ன ஆனா என்னக்கா, மனுசரு நல்லா வந்து சேந்தீகளே" என்றாள். இரண்டே அறையுள்ள வீடு. என் மாமியார், மூன்று பிள்ளைகள், அதில் நாங்கள். அவள் பிள்ளைகள் என் பேச்சைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. நான் "சாயா வேணாம்" என்றதற்கு ஒன்று அதையே திருப்பிச் சொல்லிக்காட்டியது. பிள்ளைகள்தானே. அம்மாக்காரி அதட்டினாள். "கொச்சிக்காரி பெரியம்மாவ அப்பிடிப் பேசக்கூடாது" என்றாள்.

டிரெய்லரைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், பைலிச் சேட்டன் அன்று மத்தியானமே கிளம்ப நின்றார். என் வீட்டுக்காரர் என்னைக் கொட்டகைப் பக்கம் கூப்பிட்டார். சக்கரங்களை மாட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"நீ பைலிகூடப் போயிரு. மக வீட்டுல இரு. பேறுகாலம் வருதில்ல."

"நீங்க?"

"இதுகளை விட்டுட்டு எங்க வர. வேற எடம் ஒண்ணு அமையாமலா போயிரும். அமைஞ்சதும் ஆள் விடுறேன்."

"கடையில்லேன்னா பரவால்ல. ரெண்டு பேருமாப் போயிருவோமே."

"எங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். மட்டாஞ்சேரியில் எங்கள் கடைக்குள் அதற்குள் யாரோ துணி மூட்டை அடுக்கியிருப்பார்கள். தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு கிளம்பிய மனிதர் எந்த முகத்தோடு திரும்புவார்.  

அதற்கப்புறம் மூலை அறை காலியாகவில்லை. மற்ற அறைகளும் காலியாகவில்லை. உப்பு ஏறிய இரும்பு அங்கே போயும் உள்ளுக்குள் தின்றுகொண்டுதான் இருந்திருக்கிறது. ஒவ்வொன்றாக ஃபோர்க்கு உடைந்தது. உடைந்ததைக் கழற்றி இன்னொன்றுக்கு மாட்டினார். இப்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் பஞ்சர் ஒட்டுகிறார். தம்பி வீட்டில் சாப்பாடு. மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது வந்து இரண்டு நாள் இருந்தார். தெருவில் யாரும் பார்க்கிறதற்குள் கிளம்பிவிட்டார். நான் வருஷத்துக்கு ஒருமுறை போகிறேன். நான் போனால் அவர் கொட்டகையில் படுத்துக்கொள்வார், எனக்குப் பிள்ளைகளோடு உள்ளே இடம். ஒருமுறை மரத்தடியில் நான் நிற்கும்போதே ஒருவர் டியூபைக் கொண்டுவந்து, "மலையாளத்தாரே, இதக் கொஞ்சம் பாருங்க" என்றார். அவர் அதைக் கையில் வாங்கித் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்தார். ஆள் விடுகிறேன் என்றவர் இன்றுவரை ஆள் விடவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அவர் இல்லை என்று சொல்லவேண்டி வரும்.

அன்றைக்கு மத்தியானம் நான் ஜீப்பில் முன்னால் ஏறி உட்கார்ந்தேன். அவர் கொட்டகை வாசலில் எண்ணெய்த் துணியோடு நின்றார். கை காட்டவில்லை. நாங்கள் கை காட்டிப் பழக்கமில்லாதவர்கள். பைலிச் சேட்டன் வழியில் ஒரு சிரிப்புப் பேச்சும் பேசவில்லை. ஊருக்குப் போகும்போது, மலையில் இழுத்ததைத் தவிர, டிரெய்லர் பின்னால் வருவதே தெரியவில்லை. பாரத்தோடு சத்தமில்லாமல் வந்தது. திரும்பும்போது ஒவ்வொரு குழிக்கும் துள்ளித் துள்ளி விழுந்து, தகரம் அதிர, வழியெல்லாம் தடதடவென்று அடித்துக்கொண்டே வந்தது. தேனியில், கம்பத்தில், மலை ஏறும்போது, எங்கேயும் அது ஓயவில்லை. ரோட்டோரத்தில் நடக்கிறவர்கள் அவ்வளவு சத்தம் போடுகிற வண்டியில் என்ன போகிறது என்று நின்று பார்த்தார்கள். அதில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மட்டாஞ்சேரி வருகிற வரை நான் திரும்பித் திரும்பி அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.